மேனேஜர் போட்ட கேள்விக்குறி

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் ஒரு கொரியக் கம்பெனி. அதன் மேனேஜர் ஏகாம்பரம் எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் சேவ் பண்ணிவிட்டுத்தான் படிப்பார்.

சியோலிலிருந்து வந்த ஆர்டர் ஃபைல் ஒருநாள் திரையில் வெறும் கேள்விக்குறிகளாக நின்றது. காண்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ரெஜினாவை ஏகாம்பரம் கூப்பிட்டார்.

"நீதான் கெடுத்திருக்க. டைரக்டர் வர்றதுக்குள்ள இதையே கொரியனா மாத்து. இல்லேன்னா நாளைக்கு வராதே!"

"இட்லியை மறுபடி அரிசியாக்க முடியாது சார். ஆனா மெயில்ல வந்த ஃபைல் அப்படியே இருக்கு. எழுத்தை கம்ப்யூட்டர்ல பதியிற குறியீடு அவங்களது பழசு, நம்ம கம்ப்யூட்டர் புதுசுல படிக்குது. புரியாத இடத்துலெல்லாம் கேள்விக்குறி போடுது."

பழைய கொரியக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துத் திறந்தாள். கொரிய எழுத்து பளிச்சென்று வந்தது. அந்நேரம் டைரக்டர் ஹானும் வந்தார். பல வருஷம் இங்கேயே இருந்து தமிழ் பழகியவர்.

"ஆர்டரை இவ கெடுத்துட்டா சார்!" என்றார் ஏகாம்பரம்.

"எப்படிக் கெட்டுச்சுன்னு நானும் பாக்கணும் சார். இந்தாங்க, மெயில்ல வந்த ஃபைலோட ஒரு காப்பி. நீங்களே திறந்து காட்டுங்க" என்றாள் ரெஜினா.

ஏகாம்பரம் மிடுக்காகத் திறந்தார். திரை முழுக்கக் கேள்விக்குறி. பழக்கதோஷம், சேவ் பண்ணினார்; கேள்விக்குறிகளே ஃபைலில் பதிந்துவிட்டன. அப்புறம் அந்தக் காப்பியை ரெஜினா எந்தக் குறியீட்டில் திறந்தாலும் கேள்விக்குறி போகவே இல்லை.

ஹான் திரையருகே குனிந்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?"

"எங்க மேனேஜர் கையெழுத்து சார்!"