ஆவுடையப்பனின் முதல் பந்தி

கோவிலும் ஒன்று, சுடுகாடும் ஒன்று, சாதியும் ஒன்றுதான். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் பெரிய கிளை, சின்னக் கிளை என்று பிரிந்து கிடந்தார்கள். சின்னக் கிளைக்காரன் பெரிய கிளைக்குப் பரிமாறலாம், பக்கத்தில் உட்காரக் கூடாது.

பெரிய கிளைத் தலைவர் ஆவுடையப்பன் தன் பேரன் கல்யாணத்தில், பந்திக்கு இலை போடும் குழைக்காதனைக் கூப்பிட்டார். அவன் சின்னக் கிளை.

"ஏலே, முதல் பந்தியில உங்க ஆளு ஒருத்தன் உக்காந்தாலும் இனி இந்த ஊர்ல உனக்கு வேலை கிடையாது. நீங்க எந்தக் கிளைன்னு யாரையும் கேக்கவும் கூடாது. சம்பந்தி வீட்டாளுக முகம் சுளிப்பாக."

"ஆகட்டும் அண்ணாச்சி."

குழைக்காதன் கொல்லைக்குப் போய்ப் பிரதமன் பாயசம் வேகும் உருளியின் அடியிலிருந்து இரண்டு விறகை உருவினான். பிறகு முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டு, வாசலில் நின்று ஒவ்வொருவர் காதிலும் ஓதினான்.

"பிரதமன் இன்னும் வேகலை. ரெண்டாம் பந்திக்குத்தான் வரும்."

ஒருத்தரும் உட்காரவில்லை. ஆவுடையப்பனும் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். விறகைத் திரும்பச் செருகிவிட்டு, போட்ட இலைகளை எடுத்துவிட்டுக் குழைக்காதன் புது இலை போட்டான். பிரதமன் மணம் வந்ததும், பசித்த கூட்டம் அகப்பட்ட இடத்தில் உட்கார்ந்தது.

பிரதமனில் பப்படத்தை நொறுக்கிய பிறகுதான் ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கமும் சின்னக் கிளை, அந்தப் பக்கமும் சின்னக் கிளை.

"என்னலே இது?"

"இது ரெண்டாம் பந்தி அண்ணாச்சி. முதல் பந்தியில எங்க ஆளு ஒருத்தரும் உக்காரலை. உங்க ஆளும் உக்காரலை, அதுக்கு நான் என்ன செய்ய?"

எழுந்தால் பிரதமனை விட்டுவிட்டு எழ வேண்டும். ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார்.

"சரி, இன்னொரு கரண்டி ஊத்து" என்றார். பக்கத்து இலைக்காரரைக் காட்டினார். "இவருக்கும் ஊத்து, என் இலையவே பாத்துக்கிட்டு இருக்காரு."