எட்டுக்கால் எறும்பு

பாளையங்கோட்டையில் ஒரு கூரியர் கடை. மேஜைமேல் ஐந்து புத்தகங்களை வைத்துக்கொண்டு, அனுப்பவும் மனமில்லாமல் திருப்பி எடுத்துப்போகவும் மனமில்லாமல் சண்முகவடிவு நின்றாள். சிறுவர் புத்தக ஓவியர்களுக்குத் தரும் விருது ஒன்று. நடுவர்களுக்குப் பிரதிகள் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவள் பெயர் இறுதிப் பட்டியலில் வந்திருந்தது.

துணைக்கு எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். வடிவுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். ஒரே கோட்டை நாற்பது தடவை போடச் சொல்லிவிட்டு, நாற்பதாவதைப் பார்த்து "ம்" என்று மட்டும் சொல்லுகிற ரகம்.

"என்னட்டி, பேயறஞ்ச மாதிரி நிக்கே?"

வடிவு ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். மழைக்கு முன்னால் சுவரேறும் எறும்பு வரிசை. புத்தகத்தைப் பார்த்த எல்லாரும் மெச்சிய பக்கம் அது.

"காலை எண்ணிப் பாருங்க டீச்சர்."

டீச்சர் எண்ணவில்லை. "நீயே சொல்லு."

"எட்டு. நேத்து சாயங்காலம் சீனி டப்பாவுல எறும்பு ஏறுச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு சும்மாதான் பாத்தேன். ஆறு காலுதான் இருக்கு. ஓடிப்போய்ப் புத்தகத்த எடுத்து எண்ணினேன்."

பையிலிருந்து ஐந்து துண்டுச் சீட்டுகளையும் ஒரு பசைப் புட்டியையும் எடுத்து வைத்தாள். பிழைதிருத்தம் என்று தலைப்பு. எறும்புக்குக் கால் ஆறு, படத்தில் எட்டு இருப்பது ஓவியரின் பிழை என்று கீழே இரண்டு வரி.

"இத ஒட்டினா நடுவருங்க கண்ணுல முதல்ல இதுதான் படும். விருது போயிரும். ஒட்டலேன்னா யாருக்கும் தெரியாது. பதிப்பாளரே கண்டுபிடிக்கல. என்ன செய்ய டீச்சர்?"

டீச்சர் கடைக்காரரிடம் ஒரு வெற்றுத்தாளை நீட்டினார்.

"தம்பி, ஒரு எறும்பு வரஞ்சு குடுங்க."

"எறும்பா? எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்று சிரித்தவர், பேனாவை எடுத்ததும் பள்ளிப் பிள்ளையாகிவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று உருண்டை போட்டார். பக்கத்துக்கு நாலு கால். தலைக்குமேல் ஒரு சீனிக் கட்டி. வாயில் ஒரு சிரிப்பு.

வரிசையில் நின்ற பெண் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "ஐய, இது ஒண்ணாங்கிளாஸ் எறும்புல்லா! எ, எறும்பு! குடுங்க, நானும் போடுதேன்."

அவரும் போட்டார். அதே சிரிப்பு, அதே சீனிக் கட்டி, எட்டுக் கால்.

"நாங்க தாள்ல தேங்காயெண்ணெ தடவி, படத்துமேல வச்சு அப்படியே எடுப்போம். பாடப்புத்தகமெல்லாம் எண்ணெயாயி, அம்மாட்ட அடி வாங்குவேன்" என்றார் போலீஸ்காரர்.

"எம் புத்தகத்துல அந்தப் பக்கமே கிழிஞ்சுபோச்சு" என்றார் கடைக்காரர். எதற்கு வந்தோம், எதை எடை போட்டோம் என்பதெல்லாம் இருவருக்கும் மறந்துவிட்டது.

வடிவுக்குக் கண் கலங்கியது. அவளை ஓவியராக்கியதே அந்த எறும்புதான். பாடப்புத்தகத்தில் வரைந்தவர் பெயர் போடும் வழக்கமில்லை. அதனால் அவள் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'ஒன்றாம் வகுப்பு எறும்பை வரைந்த, பெயர் தெரியாத அந்தக் கைக்கு' என்று அச்சிட்டிருந்தாள்.

"அந்த எறும்புதான் என் கையில வந்து உக்காந்திருக்கு. தப்பு அங்க இருந்துதான் வந்திருக்கு டீச்சர்" என்றாள். சொன்னதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

டீச்சர் பேனாவை வாங்கினார். எல்லாரும் தலையிலிருந்து தொடங்குவார்கள். அவர் பின்னங்காலில் தொடங்கினார். கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. சிரிப்பை மட்டும் கடைசியில் வைத்தார்.

வடிவு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்த் தாளில் அவள் நூறு தடவை பிடிக்கப் பார்த்துப் பிடிபடாத சிரிப்பு அது.

"டீச்சர்... நீங்களா?"

"கல்யாணத்துக்கு முந்தி. மெட்ராஸ்ல ரெண்டு மாசம் உக்காந்து வரஞ்சேன்."

"என் புத்தகத்துல முதல் பக்கத்தப் படிச்சீங்களே. ஒரு வார்த்த சொல்லலையே."

"படிச்சிட்டு அழுதேன். சொல்லத்தான் வாய் வரல."

"காலு எட்டுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வருசமே. கூட வேலபாத்த சயின்ஸ் டீச்சர் சொன்னா."

வடிவு தாளில் இருந்த மூன்று எறும்புகளையும் பார்த்தாள். "பதினெட்டு வருசம் அந்தப் புத்தகம் இருந்துச்சு டீச்சர். திருத்தச் சொல்லி ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம். பேரு இல்லாத படம், எவ போட்டதோன்னு இருந்துட்டேன்."

டீச்சர் பசைப் புட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் புத்தகத்துல உன் பேரு இருக்கு, வடிவு."