மேலே இருப்பதே திறக்கும்

நெட்டூரணியில் ஒரு நாள் புத்தி மழை பெய்ததாம். ஊரே குடை பிடித்து நின்றது. நாடக சபைக்காரர்கள் மட்டும் கூடுதல் கவனமாகத் தலையில் சாக்கும் போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சபையில் மீசை அரும்பிய நாள் முதல் வாயில்காப்போனாகவே நின்ற வேலாண்டிக்கு, இந்தக் கோயில் கொடை விழாவுக்குத்தான் ராஜா வேஷம் கிடைத்தது. மாமனார் வேறு பார்க்க வருகிறார். ராஜா வரும் பாட்டு, லேப்டாப்பை இயக்கும் பழைய சிஸ்டம் திறந்ததும் தானாகப் பாடும். இப்போது பின்திரைப் படத்துக்கென்று புது சிஸ்டமும் ஏற்ற வேண்டும்.

"பாட்டு இல்லாம ராஜா வந்தா, வாயில்காப்போன் வழிதவறி வந்த மாதிரி இருக்கும்வே. ரெண்டும் ஓடலேன்னா கிரீடம் குப்புராசுக்கு," என்றார் செயலாளர் மாசிலாமணி. குப்புராசு அப்போதே தலையை அளந்து பார்த்துக்கொண்டான்.

புது சிஸ்டத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த டவுன் கடைக்காரர் அன்வர் போனில் சொன்னார்: "மொதல்ல உள்ள இருக்கறதையெல்லாம் வெளிய பத்திரமா எடுத்து வைங்க."

சபைக்குள் இருந்த ஆர்மோனியம், கதாயுதம், பீரோ எல்லாம் தெருவுக்கு வந்தன. பீரோவுக்குள் இருந்ததும் 'உள்ளே'தானா என்று நெடுநேரம் விவாதித்து, அதில் தூங்கிய பூனையையும் எடுத்து வைத்தார்கள்.

"எடுத்தாச்சு பாய்."

"பென்டிரைவைச் சொருகுங்க. அது ஒவ்வொண்ணா கேக்கும். சரி, சரின்னு குடுத்துட்டே வாங்க."

மூவரும் லேப்டாப் முன் சம்மணமிட்டு, "சரி" என்றார்கள். அது அசையவில்லை.

"மரியாதை பத்தலையோ?" என்றார் செயலாளர்.

வேலாண்டி தலை தாழ்த்தி, "சரிங்கய்யா" என்றான். நெற்றி ஒரு பட்டனில் இடித்தது. திரை மாறியது. பிறகென்ன, மத்தியானம் வரை கும்பிட்டுக் கும்பிட்டே புது சிஸ்டத்தை ஏற்றிவிட்டான். நெற்றியில் பட்டன் அளவுக்குச் சிவப்பாக ஒரு தடம். ராஜதிலகத்துக்குத் தனியாகச் சாந்து வேண்டியதில்லை என்றார்கள்.

லேப்டாப் மறுபடி எழுந்தபோது இரண்டு பெயர்கள் தெரிந்தன. மேலே புதுசு, கீழே பழசு. எதைத் திறப்பது என்று சபை கூடிப் பேசுவதற்குள் புதுசு திறந்துகொண்டது. அணைத்து எழுப்பினாலும் அதே கதை. வேலாண்டி மறுபடி அன்வருக்குப் போன் போட்டான்.

"நீங்க பேசாம இருந்தா, மேல இருக்கறதுதான் திறக்கும்ணே," என்றார் அன்வர்.

"எங்க பேசாம இருந்தோம்? வாய் ஓயாம பேசிக்கிட்டுல்லா இருக்கோம்," என்று வேலாண்டி போனை வைத்தான்.

"அப்ப பழசை மேல கொண்டு வந்துருவோம்," என்று குப்புராசு லேப்டாப்பைக் கவிழ்த்துத் தூக்கிப் பிடித்தான். பழசு மேலே வந்தது. ஆனால் திறந்தது புதுசு.

செயலாளர் யோசித்தார். "அது தலைகீழா நிக்கி, நாம நேரா நிக்கோம். அதுக்குக் குழப்பம் வராதா? ஒருத்தர் அதுக்குச் சமமா நிக்கணும்வே."

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்தபடியே மறுபடி எழுப்பினார்கள். கிரீடத்துக்காக வேலாண்டி தலைகீழாக நின்று பார்த்தான். "அண்ணே, புதுசு திரும்பவும் மேல ஏறிட்டே."

பதற்றத்தில் கால் உதைத்தது. குதிகால் பட்டன்களில் விழுந்தது. பழசு திறந்து, ராஜா பாட்டு முழங்கியது.

"எலே, இதான் சூட்சுமம். இனி நேரா நிக்காத," என்றார் செயலாளர்.

சாயங்காலம் திரை விலகியது. பாட்டு முழங்க, ராஜா இரண்டு கைகளால் நடந்து வந்தார். பின்னாலேயே குப்புராசு லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். கிரீடம் தலையில் தங்காமல் உருண்டோடியது. செயலாளர் அதை எடுத்து, பயபக்தியோடு ராஜாவின் வலது பாதத்தில் சூட்டினார்.

முன்வரிசையில் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொகத்தை மட்டும் பாத்துப் பொண்ணு குடுத்துட்டேன்வே," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "கால்ல இம்புட்டு ராஜகளை இருக்கும்னு யாரு கண்டா?"