மேலாளருக்கு வந்த கர்ப்பச் சீட்டு

கால் பிசகி ஆஸ்பத்திரிக்கு வந்த சங்கிலித் தாத்தாவுக்கு, "கர்ப்ப காலத்தில் பாரம் தூக்காதீர்கள்" என்று சீட்டு வந்தது. சீட்டு அச்சாகும் நோட்ஸ் ஆப்பில் அந்த மாதிரி வாசகத்தை அமைத்த மேலாளர் தனஞ்செயன், சீட்டுப் பதியும் பெண் அற்புதத்தின் மேல் பாய்ந்தார்.

"உன் தப்பு! நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"அவசரத்துக்குப் பேர் மட்டும் அடிச்சாப் போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"வாயாடாதே!"

மாதாவை நினைத்துக்கொண்டு, மேலாளர் பேரை மட்டும் அடித்து அச்செடுத்தாள் அற்புதம். உரக்கப் படித்தாள்: "தனஞ்செயன் அவர்களே, கர்ப்ப காலத்தில் பாரம் தூக்காதீர்கள்."

காத்திருந்த சனமெல்லாம் சிரித்தது.

"ஆண்னு குறிக்காம விட்டா கர்ப்பிணி. எதிரே நிக்கிறவ ஏழையா இருந்தா குத்தவாளி. இதுதானே சார் நீங்க எழுதி வச்ச விதி?"

தனஞ்செயன் சீட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார். அற்புதம் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.