நாரைகளின் பறக்கும் கூடை

காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி. அதில் முதலைகள் இருந்ததால் யாரும் நீந்திக் கடப்பதில்லை. நெடுங்காலன் என்ற நாரைதான் தன் கூட்டத்தோடு கொடிக்கூடையைத் தூக்கிப் பறந்து, விலங்குகளை அக்கரைக்கும், நடுவிலிருந்த முயல்திட்டுக்கும் கொண்டுபோய் விடும். தவளைகள் மட்டும் அதில் ஏறுவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

கூடை பழசாகி அடியில் ஓட்டை விழுந்தது. ஒருநாள் கீரி அதன் வழியே நழுவி, நல்லவேளையாகக் கரைச் சேற்றில் விழுந்தது. அதன்பிறகு யாரும் ஏறத் துணியவில்லை. நெடுங்காலனுக்கு அவமானமாகப் போயிற்று.

அந்த மார்கழியில் பனிமலைக்கு அப்பாலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று வந்திறங்கியது. தலைமை வாத்து வரித்தலையன் புதுக் கூடைகள் தருவதாகச் சொன்னது. ஆனால் எங்கே பறப்பது, யாரை ஏற்றுவது என்பதையெல்லாம் இனி வாத்துகளே முடிவு செய்யுமாம். கூடையை வாங்கிக்கொள், முடிவை விட்டுக்கொடுக்காதே என்று ஆமை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. நெடுங்காலன் புதுக் கூடைகளைப் பார்த்த பார்வையிலேயே தலையாட்டிவிட்டது.

முதலில் எல்லாம் அமர்க்களம். ஏறுகிறவர்களுக்கு அருகம்புல் மாலை. முள்ளம்பன்றியிடம் மட்டும், முள்ளுக்குத் தனி இடம் வேண்டியிருக்கிறது என்று வாத்துகள் கூலியாக இரண்டு பங்கு பழம் வாங்கின. முயல்களிடம் தருவதற்குப் பழம் இல்லாததால் திட்டுக்குப் போவதே நின்றுபோனது.

பங்குனி வெயில் ஏறியது. திட்டில் புல் கருகியது. முயல்கள் பசியில் கதறியது கரைவரை கேட்டது. நெடுங்காலன் ஓடிப்போய் ஒரு கூடை கேட்டது.

"அங்கே போனால் இறக்கை வலிதான் மிச்சம்" என்றது வரித்தலையன். "நாங்களும் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறோம்."

"அப்படியானால் கூடைகள்?"

"அவை எங்களுடையவைதானே."

மறுநாள் வாத்துகளும் இல்லை, கூடைகளும் இல்லை. நெடுங்காலன் பழைய கூடையைப் புதரிலிருந்து இழுத்து, குரங்குகளைக் கெஞ்சி ஓட்டையைக் கட்டச் சொன்னது. கட்டு அரைகுறைதான். நாரைகள் அதிலேயே முயல்களைத் திட்டிலிருந்து தூக்கி வந்தபோது, ஓட்டை வழியே அவற்றின் காதுகள் கீழே தொங்கின. முதலைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தன. ஆனாலும் ஒரு முயல்கூட விழவில்லை.

அடுத்த மார்கழியில் வாத்துகள் வந்தபோது நெடுங்காலன் கரையிலேயே காத்திருந்தது.

"வாருங்கள். கூடை கொடுங்கள், பழத்தில் பங்கு தருகிறோம். ஆனால் எங்கே பறப்பது என்பதை நாங்கள்தான் சொல்வோம். நீங்கள் போனாலும் கூடை இங்கேயே இருக்கும்."

வரித்தலையன் முகம் சுளித்தது. பிறகு பழுத்துக் கிடந்த இலந்தை மரத்தைப் பார்த்தது. எச்சில் விழுங்கிக்கொண்டு சம்மதித்தது.

வெளியார் உதவியை மனதார ஏற்கலாம். நம் வழியைத் தீர்மானிக்கும் உரிமையை மட்டும் அதற்கு விலையாகத் தரக்கூடாது.