வெற்று டப்பா

"மனுஷங்களா மேடம் இவங்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான் அறவாழி.

எச்.ஐ.வி. கூட்டுமருந்து மையத்தில் அவன் இளம் மருத்துவன். டாக்டர் நசீமா அங்கே தலைமை. அவருக்குச் சீடர்கள் என்று தனியாக யாருமில்லை. வேலைக்கு வந்து, திட்டு வாங்கி, ஓடிப்போகாமல் நிற்பவர்களே சீடர்கள்.

"என்னய்யா?"

"நம்ம நோயாளி தெய்வசிகாமணி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இதயப் பிரிவுக்குப் போயிருக்காரு. அவரோட எச்.ஐ.வி. மருந்து அட்டையைப் பார்த்துட்டு, 'உங்க மையத்துலயே காட்டுங்க'ன்னு அனுப்பிட்டாங்க. நடந்தே வந்திருக்காரு மேடம்! இந்த வெயில்ல!"

நெஞ்சுவலிக்காரனை நடக்கவிட்ட அந்தப் புண்ணியவான்களுக்கு நரகத்தில் தனி வார்டு கட்ட வேண்டும்.

நசீமா எழுந்து போய், சிகாமணியைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார். தானே தள்ளினார். இதயப் பிரிவின் வாசலை அடைத்து நின்று, "இவரை உள்ளே எடுக்கிறவரை ஒரு ஆளும் இந்த வழியா போக முடியாது" என்றார்.

எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்புதான். சிகிச்சை தொடங்கியது.

திரும்பி வந்தும் அறவாழிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பாவம் மேடம், ஒரு வேளைகூட மருந்து விட்டதில்லை. ரத்தத்துல எச்.ஐ.வி. கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. அவருக்குப் போய் மாரடைப்பா?"

"ஆறு மாசமா படியேறினா நெஞ்சு அடைக்குதாம். தள்ளிக்கிட்டுப் போகும்போது சொன்னார். உங்கிட்ட சொல்லலையா?"

"இல்லையே மேடம்."

"மாசாமாசம் வர்றார்ல? நீ என்ன கேட்ப?"

"மாத்திரை டப்பாவைக் கேட்பேன். மீதி இருக்கான்னு எண்ணிப் பார்ப்பேன். காலியா இருந்தா, சபாஷ்னு சொல்லுவேன். அவருக்கு அதுல ரொம்பப் பெருமை."

"அப்புறம்?"

"அப்புறம்... அடுத்த மாசத்து மருந்து கொடுத்து அனுப்புவேன்."

"நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வச்சியா?"

அவன் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"அவருக்குக் கல்லீரலைக் கெடுக்கிற சி வகைக் கிருமியும் இருக்கு. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ஒண்ணை மாத்திரை அடக்கி வச்சிருக்கு. இன்னொண்ணு இத்தனை வருஷமா உள்ளே புகைஞ்சுக்கிட்டே கிடக்கு. அந்தப் புகைச்சல் ரத்தக்குழாயையும் கெடுக்கும்; அது என்ன இரும்புலயா செஞ்சிருக்கு? அந்தக் கிருமிக்கு மருந்து இருக்கேய்யா! மூணு மாசம் சாப்பிட்டா பெரும்பாலும் போயிடும். ஏன் ஆரம்பிக்கல?"

நசீமாவின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அறவாழி குரலைத் தாழ்த்தினான்.

"அது... கல்லீரல் பிரிவுல பார்க்க வேண்டியது மேடம்."



நசீமா இதயப் பிரிவு இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"போ. அவர் கண் முழிச்சதும், இதை அப்படியே அவர்கிட்ட சொல்லிட்டு வா."