சாம்பல் தின்ற அம்மை

ஆலங்காவூர்ச் சிவன் கோயிலுக்குத் திருநீறு செய்து கொடுத்தவர் பவளாயி அம்மை. கோயில் மாடுகள் மேயும் தோப்பில் விடியற்காலையில் சாணம் பொறுக்குவார். உருண்டை பிடித்துக் காயவைத்து, உமி மூடிப் புடம் போடுவார். வெந்த சாம்பலைத் துணியில் சலிக்கும்போது அவர் வாய் பேசாது. உள்ளே ஐந்தெழுத்து ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளையில்லை என்று கணவன் விட்டுப் போனபின் அவருக்கு இருந்த ஒரே உறவு அந்தச் சாம்பல்தான்.

கோயில் மண்ணில் செருப்பு கூடாது என்பது ஊர் வழக்கம். தோப்பும் கோயில் மண்தான். அதே தோப்பின் மறைவில்தான் ஊரார் காலைக்கடன் கழித்தார்கள். அதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை. ஈரம் வற்றாத அந்த மண்ணை வெறுங்காலால் மிதித்துத்தான் அம்மை சாணம் எடுத்தார். கால் விரலிடுக்கில் ஓயாத அரிப்பு. சோமவாரமும் பிரதோஷமும் பட்டினி. மற்ற நாள்களில் பழைய சோறு, பசியை அடக்கக் கடுந்தேநீர்.

மெல்ல மெல்ல அவர் வெளுத்தார். கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. நகங்கள் நடுவில் குழிந்தன. குளத்துக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பேரு பவளாயியாம்! சுண்ணாம்பாயின்னு மாத்திக்கச் சொல்லுடி."

"நாலு எட்டு வைக்கறதுக்குள்ள ஒக்காந்துக்கறா. ஒடம்பு வணங்கல, வேறென்ன?"

அம்மைக்குள் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. புடத்துச் சாம்பலின் வாசம் நாவில் நீர் ஊற வைத்தது. ஒருநாள் ஒரு சிட்டிகை தின்றார். பிறகு ஒரு பிடி. ஈசன்தான் தன்னை அப்படி அழைக்கிறான் என்று நம்பினார்.

சிவராத்திரி நெருங்கியபோது திருநீறு குறைந்திருப்பதைக் கோயிலை மேற்பார்க்கும் மணியம் சபாபதி கண்டார். அம்மையின் உதட்டில் சாம்பல் ஒட்டியிருப்பதையும் கண்டார். சன்னிதி முன் ஊரைக் கூட்டி, ஒரு தாம்பாளம் நிறையச் சாம்பலைக் கொட்டி அம்மை முன் தள்ளினார்.

"சாமி சொத்து அவ்வளவு ருசியா இருக்கோ? தின்னு. மிச்சம் வைக்காமத் தின்னு."

"தண்ணி குடுங்கய்யா, விக்கிக்கப் போவுது!" என்று யாரோ ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

அம்மை கருவறை விளக்கைப் பார்த்தார். "நீ கூப்புட்ட, நான் வந்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்றார். அள்ளி அள்ளித் தின்றார். தொண்டை அடைத்தது, கண்ணீர் வழிந்து கன்னத்துச் சாம்பலில் கோடிட்டது. பாதித் தட்டு முடிந்தபோது சாய்ந்து விழுந்தார்.

"நடிக்கிறா" என்றார் சபாபதி.

ஊர்ச் செவிலி மரகதவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "நடிப்பா? இங்க வந்து பாருங்கய்யா, காகிதமாட்டம் வெளுத்திருக்கு. ஒடம்புல ரத்தமே இல்ல. ரத்தம் செத்தவங்களுக்கு மண்ணு, சாம்பல், பச்சரிசி திங்கத் தோணும். இது திருட்டு இல்ல, சீக்கு."

பெரியாஸ்பத்திரியில் பெயர் தெரியாத ஒருவரின் குருதி சொட்டுச் சொட்டாக அம்மைக்குள் இறங்கியது. தோப்பு மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறிய கொக்கிப்புழுக்கள் குடலில் தொங்கி ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடித்திருந்தன. போனதை ஈடுகட்ட உணவில் சத்து இல்லை. சோற்றோடு குடித்த தேநீர், இருந்த கொஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடவில்லை. புழுவுக்கு மருந்தும், மாதக்கணக்கில் விழுங்க இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். முருங்கைக்கீரையும் பயறும் நெல்லிக்காயும் தின்னச் சொன்னார்கள். மரகதவல்லி ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார்.

"இது இல்லாம தோப்புல கால வைக்காதக்கா. மறுபடி புழு ஏறும். அடுத்த தடவ நெஞ்சு தாங்காது."

அம்மை செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப சாமி என்னக் கூப்புடலையா?"

செவிலி மாத்திரையை எடுத்து நீட்டினார்.

அடுத்த சிவராத்திரி வருவதற்குள் அம்மை தொண்டுக்குத் திரும்பினார். செருப்போடு வரலாமா என்று மணியத்திடம் கேட்டார்.

"சாமி மண்ணுல செருப்பா? உசுரு வேணும்னா வீட்டுல கெட. தொண்டு வேணும்னா வெறுங்காலோட வா."

அம்மை செருப்பைக் கழற்றித் தோப்பு வேலியோரம் வைத்தார். கூடையோடு உள்ளே நடந்தார். சாணம் எடுத்துத் திரும்பியபோது செருப்பு அங்கே இல்லை. நாய் கவ்வியிருக்கும் என்று எண்ணி, வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடியலில் குருக்கள் சாவியும் மணியத்தின் சாவியும் சேர்ந்து திறந்த கருவறையில், ஆவுடையாரின் மேல், அந்த ரப்பர் செருப்புச் சோடி இருந்தது. வாரில் தோப்புச் சேறு காயவில்லை. அதன்மேல் முந்தைய மாலை அருச்சித்த வில்வம் கிடந்தது. தொடக் கை நீட்டிய குருக்கள் பின்வாங்கினார்.

சபாபதி அவற்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்தார். சிரித்திருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அன்றும் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தோப்புக்குள் காலெடுத்து வைக்கப்போன அம்மை திகைத்தார். "வேணாங்கய்யா. சாமி மண்ணு."

"கருவறையில, ஆவுடையார் மேல இருந்துச்சு. அவரே எறங்கிக் குடுக்குறாரு. போட்டுக்க தாயி." சபாபதி அவர் காலடியில் செருப்பை வைத்தார், எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மை கோபுரத்தை ஒருமுறை பார்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்டுக் கிடைக்காத பதில் இப்போது கிடைத்துவிட்டது போலும். செருப்பை மாட்டிக்கொண்டு சாணம் பொறுக்கப் போனார்.

ஈசன் தன் மண்ணின் தூய்மையினும் பெரிதாக எண்ணிக் காத்த அந்தப் பாதங்களை நாமும் வணங்குவோம்.